சொற்பொழிவு மேடை ஆய்வுக்கூடத்துக்குச் சோறு போட்ட கதை: லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்

அறிவியலைப் பொதுமக்களுக்குச் சொல்வதற்கென்று ஓர் அமைப்பைத் தொடங்குவது கஷ்டமில்லை. கையில் காசுள்ள சிலர், ஒரு கூடம், பேசத் தெரிந்த ஒருவர் என்று அமைந்துவிட்டால் முதல் வருடம் எப்படியும் ஓடிவிடும். கூட்டம் குறைந்து, கடன் ஏறி, பேச்சாளர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போன பிறகும் அது நடக்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லண்டன் ஆல்பமார்ல் தெரு 21ஆம் எண் கட்டடத்தில் இருக்கும் ராயல் இன்ஸ்டிடியூஷன் இந்த மூன்றையும் ஒரு முறைக்கு மேல் பார்த்துவிட்டது. 1799இல் தொடங்கி, இன்றும் அதே முகவரியில் சொற்பொழிவு நடத்துகிறது.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஹம்ப்ரி டேவியின் பேச்சுத் திறமையையும் மைக்கேல் ஃபாரடேயின் எளிமையையும் சொல்லி முடித்துவிடுவார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் வரவு செலவையும் கூடத்தின் ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. சொற்பொழிவு கேட்க வந்தவர்கள் கட்டிய சந்தாவில்தான் அங்கே ஆய்வுக்கூடம் நடந்தது. ஆய்வுக்கூடத்தில் கண்டது மறுபடி மேடைக்கு வந்தது. இந்தச் சுற்று நிற்காமல் பார்த்துக்கொண்டதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். சுற்று அறுந்தபோதெல்லாம் நிறுவனமும் ஆட்டம் கண்டது.

தொடக்கமும் ஒரு படிக்கட்டும்

1799 மார்ச் 7 அன்று, ராயல் சொசைட்டி என்ற அறிஞர் சங்கத்தின் தலைவர் ஜோசஃப் பேங்க்ஸின் சோஹோ சதுக்க வீட்டில் கூடிய கூட்டத்தில் நிறுவனம் பிறந்தது. யோசனை கவுண்ட் ரம்ஃபோர்டு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சனுடையது. அமெரிக்காவில் பிறந்து, பவேரிய அரசிடம் வேலை பார்த்து, அங்கே ஏழைகளுக்கு மலிவான சூப், விறகு மிச்சமாகும் அடுப்பு என்று பல காரியங்களைச் செய்துவிட்டு வந்தவர். புதிய இயந்திரங்களையும் பயனுள்ள உத்திகளையும் பரப்புவது, செய்முறையோடு கூடிய சொற்பொழிவுகள் மூலம் அறிவியலை அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவருவது என்பது அறிவிக்கப்பட்ட நோக்கம். பணம் போட்ட உரிமையாளர்கள் தலைக்கு 50 கினி கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது ஒரு சாதாரணத் தொழிலாளியின் ஓராண்டுக் கூலிக்கும் மேல்.

கட்டட வேலை தாமஸ் வெப்ஸ்டரிடம் போனது. செங்குத்தாக ஏறும் இருக்கை வரிசைகளுடன் அரைவட்டமாக ஒரு கூடம் கட்டினார். எங்கே உட்கார்ந்தாலும் மேடை மேசை தெரியும், குரலும் கேட்கும். இன்று வரை அந்த அமைப்பு அடிப்படையில் மாறவில்லை. வெப்ஸ்டர் இன்னொன்றும் செய்தார். கைவினைஞர்கள், பட்டறைத் தொழிலாளர்கள் வந்து உட்கார்வதற்காக மாடத்துக்குத் தெருவிலிருந்தே தனியாக ஒரு கல் படிக்கட்டு வைத்தார். ஏழைக்கு வேறு வழி, பணக்காரனுக்கு வேறு வழி என்ற ஏற்பாடுதான். என்றாலும் ஏழைக்கு ஒரு வழி இருந்தது. பிரெஞ்சுப் புரட்சி முடிந்து சில வருடங்களே ஆகியிருந்த சமயம் அது. கீழ்த்தட்டு மக்களுக்கு அறிவியல் எதற்கு, இதில் ஏதோ அரசியல் இருக்கிறது என்று மேலிடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. படிக்கட்டை இடித்துவிட்டார்கள். வெப்ஸ்டர் பிற்காலத்தில் இதைக் கசப்போடு எழுதி வைத்திருக்கிறார்.

ஆக, ரம்ஃபோர்டு நினைத்த நிறுவனம் நாலைந்து வருடத்திலேயே கைமாறிவிட்டது. அவரும் பாரிஸுக்குப் போய்விட்டார். மிஞ்சியது ஒரு நல்ல கூடமும், சந்தா கட்டும் மேட்டுக்குடிக் கூட்டமும்.

இரண்டு பேச்சாளர்கள்

1801இல் இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். இருவருமே அபார மூளைக்காரர்கள். ஒருவர் தாமஸ் யங். ஒளி அலையாகப் பரவுகிறது என்று நிறுவியவர், எகிப்திய எழுத்துகளை வாசிக்கும் முயற்சியிலும் பிற்பாடு பெரும் பங்கு வகித்தவர். அவருடைய சொற்பொழிவுகளில் இயந்திரவியல் முதல் வானியல் வரை எல்லாம் இருந்தன. 1807இல் அவை அச்சானபோது அது அந்தக் காலப் பௌதிகத்தின் பெட்டகமாகவே ஆனது. ஆனால் கேட்க உட்கார்ந்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு புத்தகத்தைத் திணித்தால் என்ன ஆகுமோ அது ஆனது. 1803இல் யங் விலகிவிட்டார்.

இன்னொருவர் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த 22 வயது ஹம்ப்ரி டேவி. முதல் பேச்சிலேயே கூடம் அவர் கைக்குள் வந்துவிட்டது. மேசையில் வெடிக்கும், புகையும், நிறம் மாறும். ஊடே கவிதை மாதிரிப் பேச்சு. டேவி பேசும் நாட்களில் ஆல்பமார்ல் தெருவில் குதிரை வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றதால், லண்டனிலேயே முதல்முறையாக அந்தத் தெருவை ஒருவழிப் பாதையாக்கினார்கள் என்று சொல்வார்கள். 1802இல் ஜேம்ஸ் கில்ரே வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில், மேடையில் ஒரு கனவானுக்கு வாயுவைக் கொடுக்க அது வேறு வழியாக வெளியேறுகிறது. பக்கத்தில் துருத்தியோடு குறும்பாகச் சிரித்துக்கொண்டு நிற்பவர் டேவி. கேலிச்சித்திரக்காரன் கண்ணில் படும் அளவுக்கு ஒரு வேதியியல் பேச்சு ஊர்ப் பேச்சாகியிருந்தது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

இந்தக் கூட்டத்தின் பணம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். 1807இல் டேவி மின்சாரத்தைக் கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தது இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில். கொஞ்ச காலத்தில், பிரெஞ்சுக்காரர்களிடம் பெரிய மின்கல அடுக்கு இருக்கிறது, நம்மிடம் இல்லை என்ற பேச்சைக் கிளப்பினார். உறுப்பினர்களிடம் தனிச் சந்தா திரட்டி 2000 இணைத் தகடுகள் கொண்ட அடுக்கு ஒன்று கட்டப்பட்டது. இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே கண் கூசும் வில்லாக மின்னொளி எரிந்ததை அந்த உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் உட்கார்ந்தே பார்த்தார்கள். கொடுத்த காசுக்குப் பலன் கண் முன்னால்.

மேடை அறிவியலுக்கு மட்டும் என்றும் இருக்கவில்லை. 1804 முதல் 1806 வரை சிட்னி ஸ்மித் என்ற பாதிரியார் அங்கே அறவியல் பேசினார். டேவிக்கு ஈடாக அவருக்கும் கூட்டம். 1808இல் கவிஞர் கோல்ரிட்ஜ் கவிதையைப் பற்றித் தொடர் சொற்பொழிவு செய்ய வந்தார். பாதி நாள் உடம்பு சரியில்லை என்று வரவில்லை; வந்த நாட்களிலும் சொன்ன தலைப்பில் பேசினாரா என்பது சந்தேகம். 1836இல் ஓவியர் கான்ஸ்டபிள் நிலக்காட்சி ஓவியத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டார். ஒரே மேசை, திங்களன்று அமிலம், வியாழனன்று கவிதை என்ற மாதிரி. கேட்கிறவர்களுக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. அறிவியல் ஆட்கள் ஒரு பக்கம், இலக்கிய ஆட்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து உட்காரும் பழக்கம் அப்போது வந்திருக்கவில்லை.

கூடம் நிறையப் பெண்கள் இருந்ததையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக வாசல் அவர்களுக்கு அடைத்திருந்த காலம். டேவியின் பேச்சைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தோழியோடு விவாதித்துப் புரிந்துகொண்ட ஜேன் மார்செட், வேதியியலை உரையாடல் வடிவில் ஒரு புத்தகமாக எழுதினார். பெயர் போடாமல் வெளியான அந்தப் புத்தகம் கொஞ்ச நாளில் பிளாண்ட்ஃபோர்டு தெருவின் ஒரு பைண்டிங் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே தொழில் பழகிக்கொண்டிருந்த பையன் ஒருவனுக்குக் கட்டும் புத்தகத்தை வாசித்துப் பார்க்கும் பழக்கம். கொல்லர் மகன். பெயர் மைக்கேல் ஃபாரடே.

கடிகாரத்துக்கு மேலே ஓர் இடம்

ஃபாரடேக்கு அந்தக் கூடத்துக்குள் போகக் காசில்லை. ஊருக்குள் டேட்டம் என்பவர் நடத்திய பேச்சுகளுக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங். அதையே அண்ணன்தான் கொடுத்தார். 1812இல் கடைக்கு வந்த ஒருவர், இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர், தன் பெயரில் டேவியின் பேச்சுகளுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நான்கு பேச்சுகள். மாடத்தில், கடிகாரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து குறிப்பெடுத்தார் ஃபாரடே. வீட்டுக்கு வந்து படங்களோடு விரித்து எழுதினார். 300 பக்கம் வந்தது. அவரே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 பிப்ரவரியில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் கைகலப்பில் இறங்கி வேலையை இழக்க, மார்ச் 1 அன்று அந்த இடம் ஃபாரடேக்குக் கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை, கரி, மெழுகுவர்த்தி.

படிக்கட்டை இடித்தவர்களின் கூடத்துக்குள் தொழிலாளி வீட்டுப் பையன் ஒருவன் யாரோ கொடுத்த சீட்டில் நுழைந்தான் என்பதை அந்த நிறுவனத்தின் பெருமையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. சீட்டுக் கொடுக்க ஆள் கிடைக்காத எத்தனை பையன்கள் பைண்டிங் கடையிலேயே இருந்துவிட்டார்கள் என்று யார் கணக்கு வைத்தார்கள்?

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதத்தில், 1813 ஜூனில், ஃபாரடே தன் நண்பர் ஆபட்டுக்குச் சில கடிதங்கள் எழுதினார். முழுக்க முழுக்கச் சொற்பொழிவு எப்படி நடத்த வேண்டும் என்பதைப் பற்றி. தான் இன்னும் ஒரு பேச்சும் பேசவில்லை. மற்றவர்கள் பேசுவதைப் பின்னால் நின்று பார்த்த அனுபவம்தான். பேச்சாளரைப் பற்றித் தொடங்காமல் கூடத்தைப் பற்றித் தொடங்குகிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். காற்று வர வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பேச்சானாலும் ஆள் சோர்ந்துவிடுவான். உள்ளே வரவும் வெளியே போகவும் நெரிசல் இல்லாத வழி வேண்டும். சோதனை செய்யும் பொருள் கடைசி வரிசைக்கும் தெரிகிற அளவில் இருக்க வேண்டும். அப்புறம்தான் பேச்சாளர். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசக் கூடாது. தொட்டதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கக் கூடாது. கைதட்டலுக்குத் தூண்டில் போடுவது கேவலம். 21 வயதுப் பையன் எழுதியது இது. பிற்பாடு அவர் செய்த எல்லாவற்றுக்கும் வரைபடம் இதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை

1820களில் நிறுவனம் திவாலாகும் நிலை. டேவி போய்விட்டார், கூட்டமும் போய்விட்டது. சொந்தத் தோலைச் சீவித்தான் பிழைத்துக்கொண்டிருந்தோம் என்று அந்த நாட்களைப் பற்றி ஃபாரடே பின்னாளில் நிர்வாகிகளிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. 1825இல் ஆய்வுக்கூடப் பொறுப்பு ஃபாரடேயிடம் வந்தது. அந்த ஆண்டு உறுப்பினர்களை மாலை நேரத்தில் ஆய்வுக்கூடத்துக்கே அழைத்து எதையாவது காட்ட ஆரம்பித்தார். ஆட்கள் வந்தார்கள். மறு ஆண்டு அது முறையான வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவானது. முதல் பருவத்தில் அவரே ரப்பரைப் பற்றிப் பேசினார். அதே 1825ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகளுக்கான தொடர் சொற்பொழிவும் தொடங்கியது. முதலாமவர் ஜான் மில்லிங்டன் என்ற பொறியாளர். நிறுவனத்தைக் கரையேற்றியவை இந்த இரண்டும்தான்.

அந்தக் காலத்து வெள்ளிக்கிழமை நடைமுறை என்ன? உறுப்பினர்களும் அவர்கள் கூட்டிவரும் விருந்தினர்களும் மட்டும். இரவு 9 மணி. கடிகாரம் அடித்ததும் கதவு திறக்கும், பேச்சாளர் நேராக மேசைக்கு வந்து விஷயத்தில் இறங்குவார். அவர் யார், எங்கே படித்தார், என்ன பட்டம் என்று யாரும் அறிமுகம் செய்வதில்லை. வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து சிறப்புரைக்கு மைக் வரும்போது பாதிப் பேர் காபிக்குப் போய்விட்டிருக்கும் நம்மூர்க் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். மறுபடி 10 மணி அடிக்கும்போது பேச்சு முடிந்திருக்க வேண்டும். பேச்சுக்கு முன்னும் பின்னும் நூலகத்தில் ஏதாவது புதுப் பொருட்கள் காட்சிக்கு இருக்கும். 1839 ஜனவரி 25 அன்று ஃபாக்ஸ் டால்பட் காகிதத்தில் ஒளியைக் கொண்டு எடுத்த படங்கள் முதன்முதலாக அப்படித்தான் பொதுப் பார்வைக்கு வந்தன. உலோகத் தகட்டில் படம் எடுக்கும் முறையைக் கண்ட டாகேரின் அறிவிப்பு பாரிஸில் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. டால்பட்டுக்குப் பத்திரிகையில் அச்சாகக் காத்திருக்க நேரமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இருந்தது.

பணம் சேர்ந்தது உறுப்பினர் சேர்க்கை மூலம். வெள்ளிக்கிழமைக்கு இடம் வேண்டும் என்றால் உறுப்பினராக வேண்டும். இத்தோடு பெரிய கொடைகளும் வந்தன. அவற்றில் முக்கியமானது ஜான் ஃபுல்லர் கொடுத்தது. 1833இல் அவர் பெயரில் வேதியியல் பேராசிரியர் பதவி ஏற்பட்டு, ஃபாரடே அதில் முதலாமவர் ஆனார். நிறுவனம் கொடுத்த 100 பவுண்டு ஆண்டுச் சம்பளத்துக்கு மேல் ஒரு பிடிப்பு வந்தது அப்போதுதான். ஃபுல்லர் ஜமைக்காவில் அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்திய குடும்பத்தின் வாரிசு. நாடாளுமன்றத்தில் அடிமை முறைக்கு ஆதரவாக வாதாடியவர். லண்டன் கனவான்கள் ஒளியைப் பற்றியும் காந்தத்தைப் பற்றியும் கேட்ட பேச்சின் செலவில் ஒரு பங்கு கரும்புத் தோட்டத்திலிருந்து வந்தது.

ஒரு கல்லும் இரண்டு அட்டைகளும்

ஃபாரடே பிறவிப் பேச்சாளர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் காசு கொடுத்துப் பேசக் கற்றுக்கொண்டவர். பெஞ்சமின் ஸ்மார்ட் என்ற பேச்சுப் பயிற்சி ஆசிரியரிடம் பாடம் கேட்டார். ஸ்மார்ட்டைத் தன் பேச்சுக்கு வரவழைத்து உட்கார வைத்துக் குற்றம் குறை சொல்லச் சொன்னார். மேசையில் ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டை ஒன்று கண் முன்னே இருக்கும். அதைக் கவனிக்காமல் வேகம் எடுத்தால் உதவியாளர் ஆண்டர்சன் எடுத்து முன்னால் வைப்பார். நேரம் நெருங்கும்போது ‘நேரம்’ என்ற இன்னொரு அட்டை. ஆண்டர்சன் ஓய்வுபெற்ற ராணுவ சார்ஜன்ட். வாய் திறக்கமாட்டார், சொன்னதைச் சொன்ன நொடியில் செய்வார். அந்த மேடையின் ஒழுங்கில் பாதி அவருடையது.

ஒரு இளைஞர் சொற்பொழிவு செய்யும் முறையைக் கேட்டபோது ஃபாரடே சொன்ன அறிவுரை இது: கையை விரித்தால் இந்தக் கல் கீழே விழும் என்று நான் சொல்வதாக இருந்தால், கையை விரித்துக் கல்லை விழவிடுவேன். கேட்பவருக்குத் தெரிந்ததுதானே என்று எதையும் விட்டுவிடக் கூடாது. காதுக்குச் சொன்னதைக் கண்ணுக்கும் காட்ட வேண்டும்.

இது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு மெழுகுவர்த்தியைப் பற்றி அவர் பிள்ளைகளுக்குச் செய்த ஆறு பேச்சுகளே சான்று. 1848இல் ஒருமுறை, 1860 கிறிஸ்துமஸில் மறுமுறை. அதுதான் அவருடைய 19ஆவது, கடைசிப் பிள்ளைகள் தொடர். சுருக்கெழுத்தில் எடுத்து வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்ததால் வார்த்தைக்கு வார்த்தை கிடைக்கிறது. 1782இல் மூழ்கிய ராயல் ஜார்ஜ் கப்பலிலிருந்து மீட்ட ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்துக் காட்டித் தொடங்குகிறார். அத்தனை வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்தது, பற்ற வைத்தால் எரிகிறது.

அப்புறம் உருகிய மெழுகு எப்படிக் குழியாக நிற்கிறது என்ற கேள்வி. சுடர் காற்றை மேலே இழுக்கிறது, அந்தக் காற்று மெழுகின் வெளி விளிம்பைக் குளிர வைக்கிறது, நடுவில் உருகுகிறது, ஓரம் உருகாமல் கிண்ணமாக நிற்கிறது. பூ வேலைப்பாடு செய்த அலங்கார மெழுகுவர்த்தியை ஏற்றிக் காட்டுகிறார். ஓரம் சீராக இல்லாததால் மெழுகு ஒழுகி அசிங்கமாகிறது. பார்க்க லட்சணமாக இருப்பது வேறு, வேலைக்கு லட்சணமாக இருப்பது வேறு என்று போகிற போக்கில் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். கிண்ணத்து மெழுகு திரியில் எப்படி ஏறுகிறது? ஒரு தட்டில் உப்பைத் தூணாக நிறுத்தி, அடியில் நீலச் சாயம் கலந்த உப்பு நீரை ஊற்றுகிறார். நீலம் தூணில் மெல்ல மெல்ல ஏறுகிறது.

பிறகு சுடரை மெதுவாக ஊதி அணைத்து, எழும் வெண்புகையில் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி ஒரு தீக்குச்சியைக் காட்டுகிறார். நெருப்பு காற்றில் ஓடி வந்து திரியைப் பற்றுகிறது. எரிவது ஆவிதான் என்பதற்கு அதற்கு மேல் வாய்ப்பேச்சு வேண்டுமா? இல்லை, இன்னும் ஒரு படி போகிறார். வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் நடுவே உள்ள இருண்ட பகுதியில் வைக்கிறார். ஆவி குழாய் வழியே வந்து மறுமுனையில் கொட்டுகிறது. அந்த முனையில் நெருப்பு வைத்தால் அங்கே தனியாக இன்னொரு சுடர். எனக்கு வியப்பாக இருப்பது மின்விளக்கின் வெளிச்சத்தில் சுடரின் நிழலைத் திரையில் விழவைக்கும் கட்டம். சுடரில் எந்தப் பகுதி மிக வெளிச்சமோ, அதுவே திரையில் மிகக் கருமையாக விழுகிறது. அங்கேதான் திடமான கரித்துகள் இருக்கிறது. அது தகிப்பதால்தான் வெளிச்சம், திடமாக இருப்பதால்தான் நிழல். இப்படியே போய், சுடர் மேலே பிடித்த குளிர்ந்த பாத்திரத்தில் சொட்டும் தண்ணீர், டேவி அதே கட்டடத்தில் கண்டுபிடித்த பொட்டாசியத்தை அதில் போட்டதும் பற்றும் நெருப்பு, ஹைட்ரஜன், ஆக்சிஜன், கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) என்று தொடர்ந்து, ஆறாவது பேச்சில் மனிதனின் மூச்சில் வந்து நிற்கிறார். உள்ளே இழுக்கும் காற்றும் வெளியே விடும் காற்றும் மெழுகுவர்த்தி செய்யும் அதே காரியத்தைத்தான் செய்கின்றன. ஒரு மனிதன் ஒரு நாளில் ஏழு அவுன்ஸ் கரியை இப்படி எரிக்கிறான்.

ஆறு மணி நேரம், ஒரே பொருள். பாடத்திட்டத்தில் இதை வைத்தால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

மேடை ஆய்வுக்கு என்ன கொடுத்தது

பணம் தவிர வேறொன்றும் கொடுத்தது. 1846 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை ஃபாரடே, பௌதிகவியலாளர் வீட்ஸ்டன் உருவாக்கிய ஒரு நேரமானியைப் பற்றிப் பேசினார். விஷயம் சீக்கிரம் முடிந்துவிட்டது. கடிகாரத்தில் நேரம் மிச்சம். வழக்கமாக எழுதிய குறிப்பை விட்டு நகராதவர், அன்று மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். வெளியெங்கும் விசைக் கோடுகள் பரவியிருக்கின்றன. ஒளி என்பது அந்தக் கோடுகளின் அதிர்வாக இருக்கலாம். ஒளி பரவுவதற்கென்று அன்று கருதப்பட்ட ஈதர் என்ற ஊடகமே தேவைப்படாமல் போகலாம். ஆதாரமில்லாத ஊகம் என்று அவரே அடித்துச் சொன்னார். 1865இல் ஒளியின் மின்காந்தக் கோட்பாட்டை வெளியிட்ட மேக்ஸ்வெல், சாராம்சத்தில் இது அன்று ஃபாரடே சொன்னதே என்று எழுதினார்.

அன்று வீட்ஸ்டன்தான் பேச வேண்டியிருந்தது, கூச்சத்தில் கடைசி நொடியில் ஓடிப்போனார், அதனால்தான் இன்றும் பேச்சாளரைப் பத்து நிமிடம் முன்னதாக ஓர் அறையில் பூட்டி வைக்கிறார்கள் என்று ஒரு கதை உண்டு. பூட்டி வைக்கும் வழக்கம் இருந்தது உண்மை. ஓடிப்போன கதையை ஆவணங்களைப் பார்த்த வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்வதில்லை. வீட்ஸ்டன் கூச்ச சுபாவி, அவருடைய ஆய்வுகளை ஃபாரடே பல முறை அவர் சார்பில் பேசியிருக்கிறார் என்பது மட்டும் நிஜம்.

ஃபாரடேக்குப் பிறகும் அந்த ஒரு மணி நேரம் அறிவிப்பு மேடையாகவே இருந்தது. 1897 ஜனவரி 29 அன்று கல்கத்தாவிலிருந்து வந்த ஜகதீஷ் சந்திர போஸ், தான் செய்த சிறு கருவிகளோடு மின்காந்த அலைகளை அங்கே காட்டினார். அதே ஆண்டு ஏப்ரல் 30இல் ஜே. ஜே. தாம்சன், அணுவைவிடச் சிறிய துகள் இருப்பதாக அறிவித்தார்; நாம் இன்று எலக்ட்ரான் என்பது அதைத்தான். 1900 ஏப்ரல் 27இல் கெல்வின் பிரபு பௌதிகத்தின் வானில் இரண்டு மேகங்கள் நிற்கின்றன என்றார். ஒன்றிலிருந்து சார்புக் கொள்கையும் மற்றதிலிருந்து குவாண்டம் கொள்கையும் மழையாகக் கொட்டும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. 1965இல், லாரன்ஸ் பிராக் பொறுப்பில் இருந்த காலத்தில், டேவிட் பிலிப்ஸின் குழு லைசோசைம் என்ற நொதியின் வடிவத்தை அங்கேயே கண்டறிந்தது. ஒரு நொதியின் முப்பரிமாண வடிவம் தெரிந்தது அதுதான் முதல் முறை; அதுவும் அதே மேடையில் ஏறியது.

கல்கத்தாவில் ஒரு நகல்

இந்த மாதிரியைப் பார்த்துத்தான் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். பௌபஜார் தெரு 210ஆம் எண். பொதுச் சொற்பொழிவுகள் நடந்தன. பாதிரியார் லாஃபோன் போன்ற நல்ல பேச்சாளர்கள் கிடைத்தார்கள். மேடை ஓடியது. ஆய்வுக்கூடம் ஓடவில்லை. முழுநேர ஆய்வுப் பேராசிரியர்களை வைக்க சர்க்கார் ஜமீன்தார்களிடமும் செல்வந்தர்களிடமும் கேட்டுப் பார்த்தார். திருமணத்துக்கும் சிராத்தத்துக்கும் அள்ளிக் கொடுத்தவர்கள் இதற்குக் கையை விரித்தார்கள். மனம் நொந்துதான் 1904இல் இறந்தார். லண்டனில் இருந்த சுற்று இங்கே பாதியில் நின்றது: பேச்சு இருந்தது, பேச்சுக்குப் புதிதாக ஒன்றைக் கொடுக்கும் கீழ்த்தளம் இல்லை.

1907இல் நிதித்துறை வேலைக்காகக் கல்கத்தா வந்த 18 வயது சி. வி. ராமன் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே போனபோது கருவிகள் தூசி படிந்து கிடந்தன. ஆபீசுக்கு முன்னும் பின்னும் அங்கே வந்து வேலை செய்தார், ஊருக்குச் சொற்பொழிவும் செய்தார். 1928 பிப்ரவரி 28இல் அவரும் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் ஒளிச்சிதறலில் கண்ட புது விளைவை, மார்ச் 16 அன்று பெங்களூரில் தென்னிந்திய அறிவியல் சங்கத்தின் மேடையில் விளக்கினார். சர்க்காரின் கூடம் தொடங்கி அப்போது 52 வருடம் ஆகியிருந்தது.

தொலைக்காட்சியும் கடனும்

1862 ஜூன் 20 அன்று ஃபாரடே கடைசி வெள்ளிக்கிழமைப் பேச்சைப் பேசினார். சீமென்ஸின் வாயு உலை பற்றி. நினைவாற்றல் கைவிட்டுக்கொண்டிருந்தது, குறிப்புத்தாளும் எதிலோ பட்டுக் கருகிவிட்டது. இனி பேச முடியாது என்பதை மேடையிலேயே சொல்லி விடைபெற்றார்.

கிறிஸ்துமஸ் பேச்சுகள் 1939 முதல் 1942 வரை போரால் நின்றது தவிர நிற்கவேயில்லை. 1966 முதல் பிபிசி அவற்றை ஆண்டுதோறும் ஒளிபரப்பியது. 1977இல் கார்ல் சேகன் கோள்களைப் பற்றிப் பேசினார். பெண் ஒருவர் அந்தத் தொடரைப் பேச 1994 வரை ஆனது. டேவி காலத்திலிருந்தே இருக்கைகளில் பாதியை நிரப்பியவர்களுக்கு மேசைக்குப் பின்னால் இடம் கிடைக்க கிட்டத்தட்ட இருநூறு வருடம். அவர் நரம்பியலாளர் சூசன் கிரீன்ஃபீல்ட். பிற்பாடு நிறுவனத்தின் இயக்குநரும் ஆனார்.

அவர் காலத்தில் 22 மில்லியன் பவுண்டு செலவில் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். உணவகமும் மதுக்கூடமும் வைத்து, அந்த வருமானத்தில் மற்றதை நடத்திக்கொள்ளலாம் என்று திட்டம். 2008இல் திறந்தது, அதே சமயம் பொருளாதாரம் சரிந்தது. கடன் ஏறியது, 2010இல் இயக்குநர் பதவியே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள், 2013 தொடக்கத்தில் கட்டடத்தையே விற்கும் பேச்சு வந்தது. விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள். மார்ச்சில் பெயர் சொல்லாத ஒருவர் 4.4 மில்லியன் பவுண்டு கொடுத்து வங்கிக் கடனை அடைத்தார்.

இதில் நிர்வாகத் தவறு எவ்வளவு, கெட்ட நேரம் எவ்வளவு என்று இன்றும் வாதாடுகிறார்கள். நான் கவனிப்பது, 1826இல் கடனில் தவித்தபோது ஃபாரடே விற்றது வெள்ளிக்கிழமையை. 2008இல் அவர்கள் விற்கப் பார்த்தது சாப்பாட்டை. ஆல்பமார்ல் தெரு இருக்கும் மேஃபேர் பகுதியில் சாப்பாட்டுக் கடைக்கா பஞ்சம்? ஆனால் பழைய வழி அப்படியே திரும்பவும் செல்லுபடியாகும் என்றும் சொல்ல முடியாது. அன்று உறுப்பினர் ஆகாமல் அந்தப் பேச்சைக் கேட்க வழியில்லை. இன்று அதே கூடத்துப் பேச்சுகளை யூடியூபில் உலகம் முழுக்க இலவசமாகப் பார்க்கிறது. டேவியின் பொட்டாசியம் பற்றிய வீடியோவை மதுரையில் ஒரு பள்ளி மாணவி யார் கொடுத்த சீட்டும் இல்லாமல் பார்க்கலாம்; அவளிடமிருந்து ஆல்பமார்ல் தெருவுக்கு ஒரு பைசா போகாது. கூடத்தில் இருப்பது 400 சொச்சம் இருக்கைகள்தான். அவற்றின் டிக்கெட், உறுப்பினர் சந்தா, நன்கொடை என்று பழைய மூன்று வழிகளிலும் அரங்க வாடகையிலும்தான் இப்போதும் காலம் தள்ளுகிறார்கள்.